கோப்பெனிக் கேப்டன்: ஒரு சீருடை செய்த வேலை

ஆள் பாதி, ஆடை பாதி என்பார்கள். ஆடை மட்டுமே முழுசாக இருந்தால் என்ன நடக்கும்? 1906-ல் ஜெர்மனியில் ஒரு செருப்புத் தைக்கும் தொழிலாளி இதைச் சோதித்துப் பார்த்தார். நாடே சிரித்தது!

அவர் பெயர் வில்ஹெல்ம் ஃபோய்க்ட். 1849-ல் பிரஷ்யாவின் டில்சிட் நகரில் பிறந்தவர். திருட்டு, போலி ஆவணம் என்று சின்ன வயதிலேயே சிறைக்குப் போகத் தொடங்கியவர். நல்ல மனிதர் என்றெல்லாம் சொல்ல முடியாது. கடைசியாக ஒரு நீதிமன்றக் கருவூலத்தை உடைக்கப் போய் மாட்டிக்கொண்டு, 15 வருடத் தண்டனை அனுபவித்துவிட்டு 1906 பிப்ரவரியில் வெளியே வந்தபோது வயது கிட்டத்தட்ட 57.

இந்தத் தடவை ஒழுங்காகத்தான் ஆரம்பித்தார். விஸ்மார் நகரில் ஒரு செருப்புக் கடையில் வேலை கிடைத்தது. முதலாளிக்கும் அவரைப் பிடித்திருந்தது. ஆனால் போலீஸ் விடவில்லை; முன்னாள் கைதி இங்கே தங்கக்கூடாது என்று ஊரை விட்டே அனுப்பிவிட்டார்கள். பெர்லினை ஒட்டியிருந்த சகோதரி வீட்டுக்கு வந்தார். அங்கேயும் வேலை கிடைத்தது, அங்கேயும் ஆகஸ்டில் அதே வெளியேற்ற உத்தரவு. சரி, எந்த ஊரில்தான் இருப்பது? அதைச் சொல்வது போலீசின் வேலை இல்லையாம்.

பழைய துணிக்கடைகளில் ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்து, ஒரு ராணுவக் கேப்டனின் சீருடையைத் தயார் செய்தார் ஃபோய்க்ட்.

அக்டோபர் 16. காவல் பணி முடிந்து முகாமுக்குத் திரும்பிக் கொண்டிருந்த சில சிப்பாய்களைத் தெருவில் நிறுத்தினார். மேலிடத்து உத்தரவு, என்னோடு வாருங்கள் என்றார். வந்தார்கள். இன்னும் சிலரையும் சேர்த்துக்கொண்டார், மொத்தம் பத்துப் பேர். எல்லோரையும் ரயிலேற்றி, பெர்லினுக்கு அருகில் அப்போது தனி நகரமாக இருந்த கோப்பெனிக்குக்குக் கூட்டிப் போனார். துப்பாக்கி முனையில் கத்தியைப் பொருத்தச் சொல்லி, நகர மன்றக் கட்டடத்தின் வாசல்களில் நிறுத்தினார். உள்ளே போய் மேயர் கேயோர்க் லாங்கர்ஹான்ஸைக் கைது செய்தார். பொருளாளரைக் கஜானாப் பணத்தை எண்ணித் தரச் சொன்னார். கிடைத்தது 3557 மார்க் 45 பெனிக். ரசீது கேட்டார்கள், கொடுத்தார். கையெழுத்து? தன்னுடைய பழைய சிறை அதிகாரியின் பெயர்!

மேயரையும் பொருளாளரையும் வண்டியில் ஏற்றி, சிப்பாய்கள் காவலோடு பெர்லினில் இருந்த ராணுவக் காவல் நிலையத்துக்கு அனுப்பினார். மீதிப் பேரை அரை மணி நேரம் அப்படியே காவல் நிற்கச் சொல்லிவிட்டு, பணத்தோடு ரயில் ஏறிப் போய்விட்டார்.

இதில் சிப்பாய்களைக் குறை சொல்லிப் பயனில்லை. கேப்டன் சொன்னால் கேட்க வேண்டும் என்றுதான் அவர்களைப் பழக்கியிருந்தார்கள். வேடிக்கை மேயர்தான். அவர் படித்தவர், ரிசர்வ் படையில் அதிகாரியாகவும் இருந்தவர். அவரே அந்தச் சீருடைக்கு முன்னால் அடங்கிப் போனார்.

பத்தே நாளில் ஃபோய்க்ட் பிடிபட்டார். கூடச் சிறையில் இருந்த ஒருவன் காட்டிக் கொடுத்துவிட்டான். பணம் தனக்கு முக்கியமில்லை, பாஸ்போர்ட் எடுக்கத்தான் போனேன் என்று பிறகு சொன்னார். அந்தக் கட்டடத்தில் பாஸ்போர்ட் கொடுக்கும் பிரிவே கிடையாது. மேலும் கஜானாவை விட்டுவிட்டும் வரவில்லையே! அதனால் அவர் சொன்னதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் ஊர் ஊராகத் துரத்தியது உண்மை. நீதிமன்றமும் அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு நாலு வருடத் தண்டனைதான் கொடுத்தது. அதற்குள் அவர் படம் போட்ட தபால் அட்டைகள் விற்பனைக்கு வந்துவிட்டன. 1908 ஆகஸ்டில் சக்கரவர்த்தி இரண்டாம் வில்ஹெல்மே மன்னிப்பு வழங்கி விடுதலை செய்தார்.

அதன் பிறகு தன் கதையைத் தானே மேடைகளில் சொல்லிச் சம்பாதித்தார், புத்தகமும் போட்டார். 1931-ல் கார்ல் சுக்மையர் இதை நாடகமாக்கினார். இப்போது அதே நகர மன்றப் படியில் கேப்டன் உடையில் அவருக்குச் சிலை நிற்கிறது. அவர் மிரட்டிய மேயருக்கு அங்கே சிலை இல்லை.

ஃபோய்க்டுக்குக் கடைசியில் அடையாள அட்டையும் கிடைத்தது. கொடுத்தது ஜெர்மனி இல்லை, பக்கத்து நாடான லக்ஸம்பர்க். 1910-ல். அங்கேயே திரும்பவும் செருப்புத் தைத்து, முதல் உலகப் போருக்குப் பிறகு சேமிப்பெல்லாம் கரைந்து, 1922 ஜனவரியில் ஏழையாக இறந்தார்.