நோய் வரும் வழியும் பழி விழும் இடமும்

கொள்ளைநோய்களின் வரலாற்றை ஆண்டுகளாகவும் இறப்பு எண்ணிக்கைகளாகவும் படிப்பதே நம் பாடத்திட்டங்களில் வழக்கமாக உள்ளது. அவ்வெண்ணிக்கைகளுக்குப் பின்னால் ஒரு கேள்வி நிற்கிறது: நோய் எவ்வழியே வந்தது? நீர் வழியாகவா, காற்று வழியாகவா, பூச்சி வழியாகவா? மருத்துவம் பயில்வோருக்கு இது நுண்ணுயிரியல் சார்ந்த வினா. வரலாறு பயில்வோருக்கு இது அதிகாரம் பற்றிய வினாவும் ஆகும். நோய் வரும் வழி தெரியாதபோதும், தெரிந்தும் ஏற்க மனமில்லாதபோதும், அரசு மனிதரைப் பிடிக்கிறது. வழியை ஏற்றுக்கொண்டால் குளத்தையும் கிடங்கையும் சன்னலையும் சீர்செய்ய வேண்டியிருக்கும். அதற்குச் செலவு மிகுதி. இந்திய வரலாற்றிலிருந்து மூன்று நோய்களைக் கொண்டு இதனை ஆராயலாம்.

முதலாவது காலரா. 1866ஆம் ஆண்டு கான்ஸ்டாண்டிநோபிளில் கூடிய பன்னாட்டுச் சுகாதார மாநாடு, காலரா இந்தியாவிலிருந்தே உலகெங்கும் பரவுகிறது என்றும், யாத்திரிகர் கூட்டம் அதன் முதன்மையான ஊர்தி என்றும் முடிவுசெய்தது. அடுத்த ஆண்டே ஹரித்வார் கும்பமேளாவை ஒட்டிக் காலரா வட இந்தியா முழுவதும் பரவியபோது அம்முடிவு உறுதிப்பட்டதாகத் தோன்றிற்று. ஆயினும் இந்திய அரசின் சுகாதார ஆணையராக நெடுங்காலம் விளங்கிய ஜே. எம். கன்னிங்ஹாம், காலரா மனிதராலோ குடிநீராலோ பரவுவதில்லை, அந்தந்த இடத்தின் காற்றும் மண்ணுமே காரணம் என்று வாதிட்டார். லண்டனில் ஜான் ஸ்நோ 1854இலேயே குடிநீரைச் சுட்டிக்காட்டியிருந்தார் என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்ட பின், நோய் கப்பலேறிச் செல்லக்கூடியது என்று ஒப்புக்கொள்வது பிரித்தானிய வணிகக் கப்பல்களைத் துறைமுகந்தோறும் தடுத்துவைக்க இடங்கொடுப்பதாகும். ஆகவே அரசின் கொள்கையில் அறிவியல் ஐயம் எவ்வளவு, வணிக நலன் எவ்வளவு என்று பிரித்தறிதல் எளிதன்று.

1884இன் தொடக்கத்தில் ராபர்ட் கோக் கல்கத்தாவில் காலராவின் கிருமியை அடையாளங்கண்டார். அங்கு ஒரு குளத்தைச் சுற்றியிருந்த குடியிருப்பில் காலரா தொடர்ச்சியாகத் தோன்றியது. மக்கள் குளித்ததும், துணி துவைத்ததும், குடிக்க மொண்டதும் அதே குளத்தில்தான். அந்நீரிலும் கோக் அக்கிருமியைக் கண்டார். பிரித்தானிய அரசோ அவருடைய முடிவை மறுஆய்வு செய்ய அதே ஆண்டில் கிளைன், கிப்ஸ் என்னும் இருவரை இந்தியாவுக்கு அனுப்பியது; அவர்கள் அதனை ஏற்க மறுத்தனர். இத்தனைக்கும் 1870 முதலே பல்தாவில் வடிகட்டப்பட்ட நீர் குழாய்வழியே கல்கத்தாவுக்கு வந்துகொண்டிருந்தது. அதன்பின் நகரில் காலரா இறப்புகள் குறைந்ததும் கண்கூடு. குழாய் எட்டாத குடிசைப் பகுதிகளோ குளங்களையே நம்பியிருந்தன. நீர்தான் வழி என்பதை நகரின் குழாய்கள் மெய்ப்பித்துக்கொண்டிருந்த காலத்திலேயே அரசின் அறிக்கைகள் அதனை மறுத்துக்கொண்டிருந்தன.

இரண்டாவது பிளேக். இங்குச் சற்று விரிவாக நிற்க வேண்டும். 1896 செப்டம்பரில் பம்பாயின் மாண்ட்வி பகுதியில் மருத்துவர் அகாசியோ வியேகாஸ் பிளேக் நோயை அடையாளங்கண்டார். துறைமுகத்தை அடுத்த மாண்ட்வி, தானியக் கிடங்குகள் நிறைந்த இடம். மனிதர் சாவதற்கு முன்பே அக்கிடங்குகளில் எலிகள் செத்து விழுந்தன. இது யாரும் காணாத காட்சியன்று. இமயமலையின் கடுவால், குமாவூன் மலைக்கிராமங்களில் எலிகள் செத்து விழுந்தால் மக்கள் ஊரையே விட்டு வெளியேறுவது பழைய வழக்கம். அதனைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கில அதிகாரிகளே பதிவுசெய்துள்ளனர். நோயின் கிருமியும் 1894இல் ஹாங்காங்கில் யெர்சினால் கண்டறியப்பட்டுவிட்டது. கிருமி தெரியும், எலி செத்ததும் தெரியும். எலியிலிருந்து மனிதருக்கு அது கடந்துவரும் பாலம் மட்டுமே தெரியவில்லை.

அந்த இடைவெளியில்தான் 1897 பிப்ரவரி 4ஆம் நாள் கொள்ளைநோய்ச் சட்டம் நிறைவேறியது. நான்கே பிரிவுகள் கொண்ட சட்டம். நல்லெண்ணத்துடன் செய்யப்பட்ட எச்செயலுக்கும் அதிகாரிகள்மீது வழக்குத் தொடர இயலாது என்பது அவற்றுள் ஒன்று. அழுக்கும் மனித உடலும் துணியுமே நோயின் இருப்பிடங்கள் என்னும் நம்பிக்கையின்மேல் நடவடிக்கைகள் தொடங்கின. வீடுகள் சோதனையிடப்பட்டன; கூரைகள் பிரிக்கப்பட்டன; சுவர்களில் சுண்ணாம்பும் சாக்கடைகளில் கார்பாலிக் அமிலமும் கொட்டப்பட்டன; துணிமணிகள் எரிக்கப்பட்டன. தொடர்வண்டி நிலையங்களில் ஆண், பெண் அனைவரின் உடல்களும் கட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்க்கப்பட்டன. அதற்கு முன்பே, 1896 அக்டோபரில், ஆர்தர் சாலை மருத்துவமனையை ஆலைத் தொழிலாளர்கள் தாக்கியிருந்தனர். புனேயில் படைவீரர்களைக் கொண்டு வீடுகளைச் சோதித்த பிளேக் குழுவின் தலைவர் ராண்டு 1897 ஜூன் 22 அன்று சுடப்பட்டார். அவ்வழக்கில் தாமோதர் சாபேகர் தூக்கிலிடப்பட்டார். அதே கொந்தளிப்பின் நடுவே திலகர் அரச நிந்தனைக் குற்றத்துக்காகச் சிறை சென்றார்.

அடுத்த ஆண்டு, 1898 ஜூன் மாதம், கராச்சியில் பால்-லூயி சிமோன் என்னும் பிரெஞ்சு மருத்துவர் எளியதொரு சோதனையைச் செய்தார். பிளேக் கண்ட எலியொன்றைத் தெள்ளுப்பூச்சிகளுடன் ஒரு கண்ணாடிச் சாடியில் இட்டார். நலமான எலியொன்றைச் சிறு கூண்டில் அடைத்து அதனுள் வைத்தார். இரண்டும் ஒன்றையொன்று தொட இயலாது. தெள்ளுப்பூச்சி தாவ இயலும். சில நாள்களில் நலமாயிருந்த எலியும் பிளேக்கால் இறந்தது. பாலம் தெரிந்துவிட்டது. ஆயினும் அப்போது விசாரணை நடத்திக்கொண்டிருந்த இந்திய பிளேக் ஆணையம் தெள்ளுப்பூச்சிக் கருத்தைப் புறந்தள்ளியது. பம்பாயில் கிளென் லிஸ்டன், பிளேக் வந்த வீடுகளில் கினிப்பன்றிகளைத் திரியவிட்டு, எலியின் தெள்ளுகள் அவற்றின்மேல் திரளாக ஏறுவதைக் காட்டினார். 1905இல் அமைந்த புதிய ஆய்வுக்குழு பரேல் ஆய்வகத்தில் இதனைத் தொடர்ந்து சோதித்தது. நுண்வலையால் காக்கப்பட்ட கினிப்பன்றிகள் பிழைத்தன, காப்பற்றவை மாண்டன. தெள்ளின் முன்குடலில் கிருமி பெருகி அடைத்துக்கொள்வதால், பசி தீராத அப்பூச்சி மீண்டும் மீண்டும் கடித்து, உறிஞ்சிய குருதியைக் கிருமியோடு கக்குகிறது என்பதை 1914இல் பாகோட்டும் மார்ட்டினும் விளக்கினர்.

இப்போது பழைய நடவடிக்கைகளை மீண்டும் எண்ணிப் பார்க்கலாம். நோயாளியை இழுத்துச் சென்றதனால் எலி வெளியேறவில்லை. வீட்டைக் கழுவிக் கலைத்தபோது எலிகள் அடுத்த வீட்டுக்குப் போயின. தொடர்வண்டியில் மனித உடல் சோதிக்கப்பட்டது. தெள்ளு ஒளிந்திருந்த தானிய மூட்டையும் கோணிப்பையும் பயணம் செய்தன. நோய்கண்ட வீட்டை விட்டு அனைவரும் வெளியேறுவது ஒன்றுதான் மெய்யான பயன் தந்தது. அது மலைக்கிராமத்தார் முன்னரே அறிந்த முறை. வன்முறையான நடவடிக்கைகள் பெருமளவு தளர்ந்ததும் 1898ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான். மக்களின் எதிர்ப்பே அதற்குக் காரணம். தெள்ளுப்பூச்சிக் கண்டுபிடிப்பை அரசு அப்போது ஏற்கவில்லை. பிளேக் இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று.

நோயாளியைத் தனிமைப்படுத்துவதே தவறு என்று இதிலிருந்து முடிவுகட்டுவது பிழையாகும். 1910–11இல் மஞ்சூரியாவில் அதே பிளேக் கிருமி நுரையீரலைப் பற்றி, இருமலின் துளிகள் வழியே மனிதரிடமிருந்து மனிதருக்குத் தாவியது. பினாங்கில் பிறந்த மருத்துவர் ஊ லியென்-தே இது காற்று வழி என்று உணர்ந்து, துணி முகக்கவசத்தையும் தனிமைப்படுத்தலையும் வற்புறுத்தினார். கவசம் அணிய மறுத்த பிரெஞ்சு மருத்துவர் மெஸ்னி நோய்கண்டு இறந்தார். அங்குத் தனிமைப்படுத்தல் பலித்தது. பம்பாயில் நோயாளியைப் பிரித்தது பலிக்கவில்லை. கிருமி ஒன்றே, வழி வேறு.

மூன்றாவது, காற்றின் வழியே பரவும் காசநோய். நோயாளியை வீட்டிலிருந்து பிரித்துச் சானடோரியத்தில் ஓய்வும் ஊட்டமும் தருவதே நெடுங்காலம் மருத்துவமாக இருந்தது. படுக்கைகளோ சில ஆயிரம். நோயாளிகளோ பல லட்சம். 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையம் 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தது. ஒரு சாரார் சானடோரியத்தில் தங்கினர். மறுசாரார் நெரிசலான தம் வீடுகளிலேயே இருந்து, எளிய உணவுடன், அதே மருந்துகளை உண்டனர். 1959இல் வெளிவந்த முடிவின்படி இரு சாராரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்தனர். வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. மருந்து தொடங்கியதும் தொற்றும் ஆற்றல் விரைந்து குன்றுவதால், பெரும்பாலான தொற்று நோய் கண்டறியப்படுவதற்கு முன்பே நிகழ்ந்துவிடுகிறது. ஏறத்தாழ அதே ஆண்டுகளில் பால்டிமோரில் காசநோய்ப் பிரிவின் காற்றைக் குழாய்வழியே கினிப்பன்றிக் கூண்டுகளுக்குச் செலுத்தி, காற்றே வழி என்பதை வெல்ஸும் ரைலியும் மெய்ப்பித்தனர். 1962இன் தேசியக் காசநோய்த் திட்டம் வீட்டு மருத்துவத்தையே அடிப்படையாகக் கொண்டது. ஏழையின் வீடே நோய்க்குக் காரணம் என்று கருதிய மருத்துவம், அவ்வீட்டையே மருத்துவமனையாக ஏற்றுக்கொண்டது. சென்னை ஆய்வின் முடிவு மூன்றாண்டுகளுக்குள் நாட்டின் கொள்கையாயிற்று. பம்பாயின் தெள்ளுக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை.

இவை பழங்கதைகள் அல்ல. 2020 மார்ச் இறுதியில், கோவிட் காற்றில் பரவுவதன்று என உலக சுகாதார நிறுவனம் சமூக ஊடகத்தில் அறிவித்தது. அதே வாரத்தில் பரேலியில், ஊர் திரும்பிய புலம்பெயர் தொழிலாளர்களைத் தெருவில் உட்காரவைத்து அவர்கள்மேல் கிருமிநாசினி பீய்ச்சப்பட்டது. நடைமுறைக்கு வந்த சட்டங்களுள் ஒன்று 1897ஆம் ஆண்டின் அதே கொள்ளைநோய்ச் சட்டம்.

கொள்ளைநோய் வரலாற்றை ஆய்வுப் பொருளாக எடுக்கும் மாணவர்களுக்கு என் பரிந்துரை இது: ஒவ்வொரு நோய்க்கும் மூன்று ஆண்டுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். வழி கண்டறியப்பட்ட ஆண்டு ஒன்று. அதனை அரசு ஏற்ற ஆண்டு மற்றொன்று. அவ்வறிவின் பயன் குழாய்நீராகவோ மருந்தாகவோ எளியவரின் வாசலுக்கு வந்த ஆண்டு மூன்றாவது. இம்மூன்றுக்கும் இடையே கழிந்த காலத்தில் யார் சோதிக்கப்பட்டனர், யார் அடைக்கப்பட்டனர், யாருடைய துணிகள் எரிக்கப்பட்டன என்று நகராட்சி அறிக்கைகளிலும் நீதிமன்றப் பதிவுகளிலும் தேடுங்கள். கிருமியின் வரலாறு ஆய்வகக் குறிப்பேடுகளில் கிடைக்கும். பழி சுமந்தவர்களின் வரலாறு இன்னும் பெரிதும் எழுதப்படாமலே இருக்கிறது.