வித்

ஆங்கிலத்தில் 'உடன்', 'ஓடு' ஆகிய பொருள்களைத் தரும் முன்னிடைச்சொல். பழைய ஆங்கிலத்தில் இதன் முதன்மைப் பொருள் ஏறக்குறைய நேர்மாறானது: 'எதிராக', 'எதிரே'. பேவுல்ஃப் காப்பியத்தில் கிரெண்டல் என்னும் அரக்கனை எதிர்த்துப் போரிடுவது இச்சொல்லால்தான் குறிக்கப்படுகிறது. 'எதிராக' என்று பொருள்படும் ஜெர்மன் 'வீடர்' இதற்கு உறவுச்சொல். பழைய நோர்ஸ் மொழியிலும் இதன் இணைச்சொல் உண்டு.

அக்காலத்தில் 'உடன்' என்பதற்கு வழங்கிய சொல் 'மிட்'. ஜெர்மனில் 'மிட்' என்றும் டச்சில் 'மெட்' என்றும் அதன் இனச்சொற்கள் இன்றும் புழங்குகின்றன. ஆங்கிலத்திலோ இடைக்காலத்தில் 'வித்' அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஒருவனோடு சண்டையிடுவது என்றால் அவனை எதிர்ப்பதும்தான். இத்தகைய இரட்டைப் பொருள் வழக்குகள் மாற்றத்துக்கு வழிவிட்டிருக்கலாம். நோர்ஸ் மொழியின் தாக்கமும் காரணமாகச் சொல்லப்படுகிறது.

தோற்றுப்போன 'மிட்' மருத்துவச்சியைக் குறிக்கும் 'மிட்வைஃப்' என்ற சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறது: பிரசவத்தின்போது உடனிருக்கும் பெண். 'வித்' சொல்லின் பழம்பொருளும் முற்றிலும் அழியவில்லை. எதிர்த்து நிற்பதைக் குறிக்கும் 'வித்ஸ்டாண்ட்' அதன் தெளிவான எச்சம்.

'வித்அவுட்' இன்று 'இல்லாமல்' என்று பொருள்பட்டாலும் முதலில் 'வெளியே' என்பதையே குறித்தது. லண்டனின் செயின்ட் பொட்டால்ஃப் வித்அவுட் பிஷப்ஸ்கேட் தேவாலயம் பழைய நகர வாயிலுக்கு வெளியே எழுந்ததால் அப்பெயர் பெற்றது.