ஓப்பல் கல்லும் நம்ம ஊர்க் கபிலரும்



"சுக்கிரனுக்கு வைரம் வாங்க வசதியில்லை. கடன் வாங்கியாவது ஓப்பல் போடலாமா சார்?" என்று சிலர் கேட்கிறீர்கள். முதலில் அந்தக் கல்லின் வரலாற்றைக் கேளுங்கள்.

ரோமாபுரியில் நோனியஸ் என்றொரு செனட்டர் இருந்தார். அவர் மோதிரத்து ஓப்பலின் மதிப்பு 20 லட்சம் செஸ்டர்ஸ் காசு. அதன்மேல் ஆசைப்பட்ட மார்க் ஆண்டனி, அவரைத் தண்டனைப் பட்டியலில் சேர்த்தான். சொத்தையெல்லாம் விட்டுவிட்டு மோதிரத்தோடு மட்டும் தப்பியோடினார் நோனியஸ். இதை எழுதியவர் கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்த பிளினி. ஆண்டனியின் கொடுமையோடு நோனியஸின் பிடிவாதத்தையும் கண்டு அவர் வியக்கிறார்.

ஓப்பலின் தாய்நாடு இந்தியா என்றும் பிளினி எழுதினார். ஆனால் ரோமர்களின் ஓப்பல் இன்றைய சுலோவாக்கியா மலைகளிலிருந்து போனது என்பதே ஆய்வாளர் கருத்து. நம் நாட்டுக் கற்களின் புகழ் அவரை அப்படி எண்ண வைத்திருக்கலாம். காங்கேயம் பக்கத்துப் படியூரில் பச்சைக்கல் கிடைத்தது. நொய்யல் கரைக் கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் நீலக்கல், பச்சைக்கல், சூதுபவளம், பளிங்கு மணிகளும், பாதி வேலையில் நின்றுபோன மணிகளும் கிடைத்தன. அந்த ஊரைக் கொடுமணம் என்று பதிற்றுப்பத்தில் பாடியவர் கபிலர். நம் மாவட்டத்துத் திருக்கோவிலூரில், தென்பெண்ணை நடுவே கபிலர் குன்று இருக்கிறதே, அந்தக் கபிலர்தான்!

நம் நவமணிகள் ஒன்பதில் ஓப்பல் கிடையாது. ஐரோப்பாவிலோ, 1829இல் வெளிவந்த வால்டர் ஸ்காட்டின் நாவலுக்குப் பிறகு அதை அபசகுனக் கல் என்று ஒதுக்கினார்களாம். அங்கே ஆகாதது இங்கே ராசியானது எப்படி? கல் மாறவில்லை, பேச்சுதான் மாறியது.

அதன் வானவில் நிறத்துக்குக் காரணத்தை 1964இல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டார்கள். கண்ணுக்குத் தெரியாத சிலிக்கா உருண்டைகள் வரிசையாக அடுக்கப்பட்டு ஒளியைப் பிரிக்கின்றன. அவ்வளவுதான்.

ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்குச் சில குறிப்புகள். ஓப்பலுக்குள் கொஞ்சம் தண்ணீர் உண்டு. அடுப்பு வெக்கையிலும் கடும் வெயிலிலும் வெடிப்பு விழலாம். கடினம் ஏறக்குறைய 6தான்; மணல் தூசியே கீறிவிடும். மெல்லிய ஈரத்துணியால் துடைத்தால் போதும். எத்தியோப்பியக் கல் எண்ணெயையும் சென்ட்டையும் உறிஞ்சும். ஒட்டுக்கல்லைப் பாலிலோ தண்ணீரிலோ ஊறவைத்தால் ஒட்டு விட்டுப்போகும்.

அழகுக்காக, கையில் காசிருந்தால் வாங்குங்கள். கடன் வாங்கியோ, பிள்ளைகளின் படிப்புப் பணத்தை எடுத்தோ வாங்காதீர்கள். ஒரு கல்லுக்காக எல்லாவற்றையும் இழக்க நோனியஸ் ஒருவர் போதும்.

அன்புடன், உங்கள் ஆசிரியர்.