‘சர்வர் டவுன்’: இரண்டு கேபிள் இருந்தும் வழி ஏன் அடைபடுகிறது?

பாறசாலையிலோ நெய்யாற்றின்கரையிலோ அக்ஷயா மையத்தில் வருமானச் சான்றிதழுக்காக நிற்கிறீர்கள். ‘சர்வர் டவுன், நாளைக்கு வாங்க’ என்கிறார்கள். ஸ்காலர்ஷிப்புக்கு இன்றுதான் கடைசி நாள் என்றால் என்ன செய்வீர்கள்?

உள்ளூர் இன்டர்நெட் போனாலும் இதே பதில்தான் வரும். ஆனால் பழுது திருவனந்தபுரத்தில் உள்ள மாநிலத் தரவு மையம் போன்ற இடத்திலும் இருக்கலாம்.

அத்தகைய மையங்களில் ஒரு பெரிய சர்வருக்குள் பல மெய்நிகர் கணினிகள் ஓடும். அந்த சர்வருக்கு ‘ஹோஸ்ட்’ என்று பெயர். தகவல்கள் பெரும்பாலும் ஹோஸ்டில் இருக்காது. தனி ஸ்டோரேஜ் பெட்டியில் இருக்கும். அதற்குப் போகும் வழி அடைபட்டால், ஹோஸ்ட் நல்லா இருந்தும் உள்ளே இருக்கும் அத்தனை கணினிகளும் நின்றுவிடும்.

அதனால்தான் ‘மல்டிபாத்’. ஹோஸ்டில் இரண்டு போர்ட், நடுவில் தனித்தனியாக இரண்டு சுவிட்ச், ஸ்டோரேஜில் இரண்டு கன்ட்ரோலர்.

உங்க ஊர்க் கணக்கிலேயே பாருங்க. பாறசாலையிலிருந்து திருவனந்தபுரம் போகும் பஸ், அமரவிளையில் நெய்யாற்றுப் பாலத்தைத் தாண்டுகிறது. ரயிலுக்கு வேறு பாலம். ஒன்று அடைபட்டால் மற்றதில் போகலாம். ஒரே பாலத்தில் இரண்டு பஸ் விட்டுவிட்டு ‘ரெண்டு வழி இருக்கே’ என்றால் ஒப்புக்கொள்வீர்களா? இரண்டு கேபிளையும் ஒரே சுவிட்ச்சில் செருகுவது அப்படித்தான். திரையில் மட்டும் இரண்டு பாதை என்று காட்டும்.

அடுத்தது ‘சோனிங்’. எந்த போர்ட் எதோடு பேசலாம் என்று சுவிட்ச்சில் எழுதிவைக்கும் பட்டியல் இது. ஃபைபர் சேனல் நெட்வொர்க்கில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் எண்ணும் எழுத்தும் கலந்த 16 இலக்க அடையாளம் உண்டு. ஒரு சோனில் ஒரே ஒரு ஹோஸ்ட் போர்ட், அதற்கு வேண்டிய ஸ்டோரேஜ் போர்ட்டுகள், அவ்வளவுதான் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே சோனில் கொட்டினாலும் வேலை நடக்கும். சோம்பலுக்கு அது சௌகரியம். ஆனால் ஒரு ஹோஸ்ட் ரீஸ்டார்ட் ஆனாலும் அந்தத் தகவல் மற்ற ஹோஸ்ட்டுகளுக்கெல்லாம் போய்த் தொந்தரவு கொடுக்கும்.

அடையாளத்தில் ஒரு இலக்கம் தப்பினால் அந்தப் பாதை எழவே எழாது. மற்ற பாதையில் எல்லாம் ஓடுவதால் யாருக்கும் தெரியாது. மாதங்கள் கழித்து, அப்டேட்டுக்காக நல்ல பாதையின் சுவிட்ச்சை ரீஸ்டார்ட் செய்யும்போதுதான் குட்டு உடையும். அப்போது விஎம்வேர் ஹோஸ்டுக்கு ‘எல்லாப் பாதையும் போச்சு’ என்ற நிலை. இயல்பு அமைப்பில் 140 விநாடி பாதை திரும்புமா என்று காத்திருக்கும்.

கண்டுபிடிக்க எண்ணிப் பார்த்தாலே போதும். ஹோஸ்டின் ஒவ்வொரு போர்ட்டும் இரண்டு ஸ்டோரேஜ் போர்ட்டுகளைப் பார்க்கிறது என்றால் மொத்தம் 4 பாதை வர வேண்டும். 3 வந்தால் எங்கோ கோளாறு. அதன்பிறகு, முன்கூட்டியே அறிவித்த நேரத்தில் ஒரு சுவிட்ச்சை வேண்டுமென்றே அணைத்துப் பார்ப்பது நல்லது. உங்க கூட்டுறவு வங்கியோ மருத்துவமனையோ இப்படிச் சொந்த சர்வர் வைத்திருந்தால், கடைசியாக எப்போது அணைத்துப் பார்த்தார்கள் என்று கேளுங்கள்.

மல்டிபாத் இருக்கே, பேக்கப் எதுக்கு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தவறுதலாக அழித்த கோப்பு எந்தப் பாதையில் போனாலும் அழிந்ததுதான்.