அயலார் நாவும் டுரியானின் பெயரும்

புதிய நாட்டுக்கு வந்தவர் அந்நாட்டு உணவை முதன்முதலாக உண்டு பட்ட பாட்டைப் பயண நூல்கள் பலவும் நகைச்சுவையோடு பதிவு செய்துள்ளன. அப்பதிவுகளை மொழியியல் நோக்கில் படிக்கும்போது வேறொரு செய்தியும் புலப்படுகிறது. பழகாத சுவையைக் குறிக்க வந்தவரிடம் சொல் இல்லை. ஆதலால் தம் ஊர்ச் சமையலறைச் சொற்களைக் கொண்டே அதனைச் சொல்ல முயல்கிறார். டுரியானை எதிர்கொண்ட ஐரோப்பியர் சிலரின் குறிப்புகளைக் கொண்டு இதனை முதலில் விளக்குவோம். பின்னர் அப்பழத்திற்குத் தமிழில் நாம் வழங்கும் பெயரைப் பற்றிய கேள்விக்கு வருவோம்.

15-ஆம் நூற்றாண்டில் சுமத்ராவுக்கு வந்த வெனிஸ் வணிகர் நிக்கோலோ தெ கொந்தி, இப்பழத்தை உள்ளூர்ப் பெயராலேயே சுட்டி, அதன் சுவையைப் பாலாடைக்கட்டியோடு ஒப்பிட்டார். 1596-இல் வெளிவந்த டச்சுக்காரர் லின்சோட்டனின் நூலும் டுரியானைப் பேசுகிறது. லின்சோட்டன் கோவாவில் ஐந்தாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தவர்; மலாக்காவுக்கு வந்தவர் அல்லர். உண்டவர்கள் சொல்லக் கேட்டே, பழங்கள் அனைத்தினும் இதன் சுவை மேலானது என்று எழுதினார். அந்நூலுக்குக் குறிப்புரை சேர்த்த மருத்துவர் பலுடானஸ், பழகாதவர்க்கு அது முதலில் அழுகிய வெங்காயம்போல் தோன்றும் என்றும், சுவைத்தபின் அதனையே விரும்புவர் என்றும் கூறினார். மூக்கு தடுக்கும், நாக்கு அழைக்கும் என்னும் இக்கருத்து அன்றுமுதல் அயலார் எழுத்தில் தொடர்ந்து வருகிறது. 1858 முதல் சயாம், கம்போடியா, லாவோஸ் நாடுகளில் பயணம் செய்த பிரெஞ்சுக்காரர் ஆன்றி மூஓவுக்கு முதல் வாயில் அழுகும் இறைச்சியே நினைவுக்கு வந்தது. நான்கைந்து முறை உண்டபின் அவரும் அதன் மணத்தைப் போற்றினார்.

இவர்களுள் மிகத் தெளிவான சான்று தருபவர் இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரசல் வாலஸ். 1854-இல் சிங்கப்பூர் வந்திறங்கிய அவர் எட்டாண்டுகள் இத்தீவுக்கூட்டத்தில் சுற்றினார். மலாக்காவில் முதலில் டுரியானை உண்ண முற்பட்டபோது, வீட்டுக்குள் நிறைந்த மணமே அவரைத் தடுத்துவிட்டது. பின்னர் போர்னியோவில், மரத்திலிருந்து பழுத்து விழுந்து கிடந்த ஒன்றைத் திறந்த வெளியில் உண்டார். அன்றே டுரியான் விரும்பியாக மாறினார். 1869-இல் வெளிவந்த தம் நூலில், பழங்களுக்கு அரசனும் அரசியும் தேர்வதாயின் டுரியானையும் ஆரஞ்சையுமே தேர்வேன் என்னும் கருத்தை வெளியிட்டார். எனினும் சுவையை விளக்கப் புகுந்தபோது அவர் துணைக்கு அழைத்தவை வாதுமையும் பாலாடைக்கட்டியும் வெங்காயச் சாறும் திராட்சை மதுவுமே. நா பழகிவிட்டது, சொல் இன்னும் இங்கிலாந்திலேயே இருந்தது.

அவரது பழக்கத்திற்கும் ஓர் எல்லை இருந்தது. டயாக் மக்கள் டுரியான் சுளைகளை உப்பிட்டுச் சாடிகளிலும் மூங்கில் குழாய்களிலும் ஆண்டு முழுவதும் வைத்திருந்து சோற்றுக்குத் தொட்டுக்கொள்வதை அவர் கண்டார். அவர்கள் விரும்பி உண்ட அதன் மணம் ஐரோப்பியர்க்கு அருவருப்பானது என்றே எழுதினார். டுரியானை இவ்வாறு புளிக்கவைத்துச் செய்யும் உணவை மலாய் மக்கள் தெம்போயாக் என்பர். பகாங் மாநிலத்தில் அதனோடு சமைக்கும் பாத்தின் மீன் குழம்பு இன்றும் பெயர்பெற்றது. ஆகவே ஒரே பொருள் ஒருவர்க்கு அருவருப்பாகவும் மற்றவர்க்கு அன்றாட உணவாகவும் இருக்கிறது. இவ்வேறுபாட்டைப் பெயர்களிலும் காணலாம்.

மலாய் மொழியில் ‘டுரி’ என்றால் முள். அதனோடு ‘-ஆன்’ விகுதி சேர்ந்து ‘டுரியான்’ ஆயிற்று. மயிரைக் குறிக்கும் ‘ரம்புட்’ என்பதிலிருந்து ‘ரம்புத்தான்’ வந்ததும் இம்முறையிலேயே. இம்மண்ணின் மக்கள் பழத்தின் தோற்றத்தைக் கொண்டு பெயரிட்டனர். மணத்தைப் பெயரில் ஏற்றவில்லை. பிறந்தது முதல் பழகிய மணம் அவர்களுக்குத் தனித்துச் சுட்டத்தக்கதாகத் தோன்றவில்லை என்று கொள்ள இடமுண்டு.

தமிழில் இப்பழத்திற்கு ‘முள்நாறி’ என்றொரு ஆக்கச்சொல் வழங்குகிறது. ‘முள்’ என்னும் முன்பகுதி மலாய்ப் பெயரின் பொருளைச் சரியாகவே தருகிறது. ‘நாறி’ என்னும் பின்பகுதியோ மலாய்ப் பெயரில் இல்லாதது. பழந்தமிழில் ‘நாற்றம்’ நறுமணத்தையும் குறித்தது; பூ நாறியது என்றால் மணந்தது என்பதே பொருள். இன்றைய மாணவர் காதில் அச்சொல் துர்நாற்றமாகவே விழும். இதனால், முதல் நாளில் மூக்கைப் பொத்திய அயலாரின் பார்வை, தலைமுறைகளாக இப்பழத்தை உண்டு வாழும் மலேசிய, சிங்கப்பூர்த் தமிழரின் சொல்லில் வந்து அமர்கிறது.

பிறமொழிச் சொல்லைத் தவிர்க்கவேண்டும் என்னும் அக்கறையை நாம் மதிக்கிறோம். எனினும் தொல்காப்பியம் திசைச்சொல்லுக்கும் தமிழில் இடம் தந்துள்ளது. நம் சொற்களும் பிறர் நாவில் ஏறியவையே. ‘மாங்காய்’ மலாயில் ‘மங்கா’ ஆயிற்று; ‘ஆப்பம்’ ‘அப்பம்’ ஆயிற்று; ‘கறி’ ‘கரி’ ஆயிற்று. இவற்றைப் பெற்ற மலாய் மக்கள் புதுப்பெயர் படைக்க முற்படாமல், பொருளோடு பெயரையும் ஏற்றனர். அதே மரியாதையை நாமும் செய்வது முறை. டகரம் தமிழில் மொழிமுதல் வாராது என்பதால் ‘துரியான்’ என எழுதலாமா என்பது எழுத்து வடிவம் பற்றிய கேள்வி. அதனைத் தனியே ஆராயலாம். இம்மண்ணின் பெயரையே வைத்துக்கொள்வதில் நமக்கு ஐயமில்லை.

ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சியைப் பரிந்துரைக்கிறோம். டுரியானின் மணத்தையும் சுவையையும் பத்து வரிகளில் எழுதுமாறு மாணவர்களிடம் கூறுங்கள். வெங்காயம், பாலாடைக்கட்டி, நாற்றம் ஆகிய சொற்களை விலக்கச் சொல்லுங்கள். வீட்டில் பாட்டியும் அம்மாவும் நல்ல பழத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பேசும் சொற்களை அவர்கள் கேட்டு வரட்டும். தாம் உண்பதைத் தம் சொல்லால் சொல்லத் தெரிந்த மாணவர், அயலார் எழுதிய குறிப்பைக் கொண்டு தம் ஊரை அறியும் நிலைக்கு ஆளாகமாட்டார்.