உள்வளர் மயிரும் உலக நோய்ப் பட்டியலும்

முகச்சவரம் செய்துகொண்ட மறுநாள் தாடையில் முள் தைத்தாற்போல் உறுத்திப் பின் சிவந்து கொப்புளமாகும் துன்பத்தை ஆடவர் பலர் அறிவர். மழிக்கப்பட்ட மயிரின் கூரிய நுனி சுருண்டு வளைந்து, தான் புறப்பட்ட தோலுக்குள்ளேயே மீண்டும் புகுவதே இதற்குக் காரணம். இத்துணைச் சிறிய நோவுக்கும் ஒரு வரலாறு உண்டோ என அன்பர்கள் நகைக்கக் கூடும். உண்டு. உலக நாடுகள் கூடி வகுத்த நோய்ப் பட்டியலின் பத்தாம் திருத்தத்திலே, தாடியில் தோன்றும் இந்நோவுக்கென்றே எல் 73.1 என்னும் எண் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அவ்வெண் வந்த வழி நெடிது. நாம் குடியேறி வாழும் இந்நகரும் அவ்வழியில் ஓரிடம் பெறுகிறது.

நோயை எண்ணும் வழக்கம் இறப்பை எண்ணும் வழக்கத்திலிருந்தே பிறந்தது. பதினேழாம் நூற்றாண்டு இலண்டனில், இறந்தோர் இல்லத்துக்குச் சென்று உடலைப் பார்த்துக் காரணம் கூறும் பணி வயது முதிர்ந்த பெண்டிரிடம் விடப்பட்டிருந்தது. அவர்கள் கூறியதே ஏட்டில் ஏறிற்று. பல் முளைக்கும் பருவத்தில் மாண்ட குழந்தைகளுக்குக் காரணம் ‘பற்கள்’ என்றே எழுதினர்! ஜான் கிரான்ட் என்னும் வணிகர் அவ்வேடுகளை ஆராய்ந்து 1662-இல் நூலொன்று வெளியிட்டார். மேக நோயால் மாண்டோர் பலரை, சிறு கையூட்டும் ஒரு கோப்பை மதுவும் பெற்ற பின் ‘எலும்புருக்கி’ என்று அப்பெண்டிர் சொல்லிவிடுவர் என்று அவர் குறித்துள்ளார். நோயின் பெயரை எழுதுவதில் குடும்பத்தின் மானமும் கலந்திருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

வில்லியம் ஃபார் என்னும் ஆங்கிலேயர் 1839 முதல் இக்குழப்பத்தைத் தீர்க்க முனைந்தார். ஒரே நோய்க்கு மூன்று நான்கு பெயர்களும், பல நோய்களுக்கு ஒரே பெயரும் வழங்கினால் எண்ணிக்கைக்குப் பொருளில்லை என்பது அவர் வாதம். பின்னர் 1893-இல் சிகாகோ நகரில் கூடிய புள்ளியியலார் மாநாட்டில், பாரிஸைச் சேர்ந்த ஜாக் பெர்ட்டிலோன் 161 தலைப்புகள் கொண்ட இறப்புக் காரணப் பட்டியலை முன்வைத்தார். இன்றைய பட்டியலுக்கு மூலம் அதுவே. இவருடைய இளவல் அல்போன்ஸ் பெர்ட்டிலோன், குற்றவாளிகளை உடலளவுகளால் அடையாளங் காணும் முறையைக் கண்டவர். வங்கக் காவல் துறை அம்முறையை விடுத்துக் கைரேகையை மேற்கொண்டு, 1897-இல் உலகின் முதல் கைரேகைப் பணியகத்தை இந்நகரிலேயே நிறுவியது. தம்பியின் முறை இங்கே தோற்றது. தமையனின் பட்டியலோ நிலைத்தது.

பட்டியல் செம்மையாக இருந்தால் மட்டும் போதுமா? வங்கச் சிற்றூர்களில் இறப்பை அறிவித்தவர் சௌகிதார் என்னும் ஊர்க்காவலர். மருத்துவம் பயிலாத அவர் அறிந்த பெயர் பெரும்பாலும் ‘காய்ச்சல்’ ஒன்றுதான். மலேரியாவும் காலா அசாரும் குடற்காய்ச்சலும் அந்த ஒரு சொல்லில் அடங்கிவிட்டன. கல்கத்தாவில் உபேந்திரநாத் பிரம்மச்சாரி காலா அசாருக்கு யூரியா ஸ்டிபமைன் என்னும் மருந்தைக் கண்டதோடு நில்லாமல், அந்நோய் தணிந்தபின் சிலருக்குத் தோலில் எழும் திட்டுகளையும் கட்டிகளையும் 1922-இல் தனி நோயாக விளக்கினார். தொழுநோய் என மயங்குதற்குரிய தோற்றம் அது. அதற்குத் தனிப்பெயர் கிடைத்தது எத்தனை குடும்பங்களின் அச்சத்தைப் போக்கியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

உள்வளர் மயிர் எவரையும் கொல்வதில்லை. ஆகவே இறப்புப் பட்டியலில் அதற்கு வேலை இல்லை. 1948-இல் உலக சுகாதார நிறுவனம் பொறுப்பேற்ற ஆறாம் திருத்தத்திலேதான், கொல்லாத நோய்களும் இறப்புக் காரணங்களோடு ஒரே பட்டியலில் இடம்பெற்றன. அதற்குள் போர் ஒரு பாடத்தைக் கற்பித்திருந்தது. இரண்டாம் உலகப் போரில், முதுகின் அடியில் மயிர் புதைந்து சீழ்வைக்கும் நோயால் ஏறத்தாழ 80,000 அமெரிக்க வீரர்கள் மருத்துவமனை சேர்ந்தனர். குலுங்கும் வண்டியில் நெடுநேரம் அமர்ந்ததன் விளைவெனக் கருதி, 1944-இல் ஒரு மருத்துவர் அதற்கு ‘ஜீப் நோய்’ எனப் பெயரிட்டார். பிறவிக் குறையென்றே பலர் எண்ணியிருந்த இந்நோய் ஒரு முடிதிருத்துநரின் கைவிரலிடுக்கிலும் காணப்பட்டதை 1948-இல் இரு ஆங்கில மருத்துவர்கள் எழுதினர். வாடிக்கையாளரின் வெட்டுமயிர் அவர் தோலுக்குள் புகுந்திருந்தது! பிறவிக் கொள்கை அதனால் ஆட்டங் கண்டது. இன்று இந்நோய்க்கு எல் 05 என்னும் தனி எண் உண்டு.

தாடி மயிரின் கதை வேறு. சுருள்மயிர் உடைய கறுப்பின ஆடவரை இது மிகுதியும் வருத்துகிறது. மழிக்காதிருப்பதே இதற்கு உறுதியான மருந்து. ஆனால் பட்டாளமும் சில பணியிடங்களும் தாடியை ஒப்புவதில்லை. 1993-இல் அமெரிக்க நீதிமன்றங்களில் இரு வழக்குகள் முடிவுற்றன. உணவு கொண்டு சேர்க்கும் பணியாளர்க்கு விதித்த தாடித் தடை செல்லாது என்றது ஒன்று. தீயணைப்போர் வழக்கில், முகமூடி முகத்தில் பொருந்த வேண்டும் என்னும் பாதுகாப்புக் காரணத்தால் தடையே வென்றது. ஒருவரின் பிழைப்பு மருத்துவரின் குறிப்பில் தொங்கும் நிலையை இங்குக் காண்கிறோம்.

2015 அக்டோபர் முதல் அமெரிக்க மருத்துவமனைகளும் பத்தாம் திருத்தத்தின் வழி வந்த எண்களுக்கு மாறின. அவர்களுடைய ஏடுகளைப் படித்து எண்ணிடும் பணியைச் சென்னையில் நம் இளைஞர் பலர் செய்து வருகின்றனர். நம் உறவினர் இல்லங்களிலும் அத்தகையோர் இருக்கக் கூடும். அவர்களுக்கு ஒரு கண்டிப்பான விதி உண்டு. மருத்துவர் எழுதாததை எண்ணிடுபவர் ஊகித்தல் கூடாது. ‘முகத்தில் கட்டி’ என்று மட்டும் எழுதியிருந்தால் எல் 02.0 என்னும் பிரிவில் அடங்கிய எண்ணையே இடவேண்டும். அப்பொழுது நோயாளியின் ஏட்டில் மழிப்பதற்கு விலக்குக் கோரும் சான்று இராது. மயிரை அகற்றும் சிகிச்சையை அழகுக்காகச் செய்தது என்று காப்பீட்டார் தள்ளவும் வழியுண்டு. மயிர் வளைந்து புகுந்ததை மருத்துவர் வரைந்து காட்டியிருந்தாலும், நோயின் பெயரை எழுதவில்லையெனில், எண்ணிடுபவர் அவருக்கு ஒரு வினாக் கடிதம் அனுப்ப வேண்டும். விடை வரும்வரை அந்த ஏடு முடிவுறாமல் காத்திருக்கும்.