கழிவுக்குக் கழிவு

கழிவு என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டென்று இலக்கண வகுப்பில் நான் சொல்வதுண்டு. ஆலை ஒதுக்கித் தள்ளுவது ஒன்று. வரியில் தள்ளிக் கொடுப்பது மற்றொன்று. இவ்விரண்டையும் இணைத்தது 1977ஆம் ஆண்டின் நீர்த்தீர்வைச் சட்டம். கழிவுநீரைத் தூய்மை செய்யும் ஆலைக்குத் தீர்வையில் ஒரு பகுதி தள்ளுபடி. நல்ல எண்ணந்தான், ஆனால் தீர்வையே சிறிது, அதில் தள்ளுபடி எம்மாத்திரம்? 2017இல் அத்தீர்வையும் நீங்கிற்று.

எஞ்சியது தண்டனை. போபால் விபத்துக்குப்பின் 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும், 1989இல் தீங்குதரும் கழிவுகளுக்கான விதிகளும் பிறந்தன. எங்கள் தூத்துக்குடியில் நடந்ததைக் கேளுங்கள்.

முத்துச்சிப்பி விளைந்த மன்னார் வளைகுடாவினின்று 25 கிலோமீட்டர் விலகியே ஸ்டெர்லைட் தாமிர உருக்காலை அமையவேண்டும் என்று 1994இல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நிபந்தனை விதித்தது. ஆலையோ அவ்வெல்லைக்குள்ளேயே எழுந்தது. தொலைவை அளக்க நில அளவைக்காரர் ஒருவர் போதுமே!

ஆலையை மூடச்சொன்ன உயர் நீதிமன்ற ஆணையை 2013இல் உச்ச நீதிமன்றம் நீக்கியது. ஆயினும் மாசுக்கு ஈடாக 100 கோடி ரூபாய் செலுத்தப் பணித்தது. தொகை குறைந்தால் அச்சம் விளையாது என்பது நீதிபதிகளின் கருத்து. அதன்பின்னும் உப்பாற்றங்கரையில் கொட்டிய தாமிரக் கசடு முற்றும் அகலவில்லை.

2018 மே மாதத்தில் போராடிய மக்கள்மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் மாண்டனர். அம்மாதம் 28ஆம் நாள் ஆலையை மூட அரசு ஆணையிட்டது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதனை நிலைநிறுத்தியபோது காட்டிய காரணங்களுள் ஒன்று, அள்ளப்படாத அந்தக் கசடு.